அறுபத்தொரு தோய்ப்பு

நூற்றெண்பத்தைந்து பவுண்.

இராஜேந்திரன் பீற்றருக்குக் கொடுக்கவேண்டியிருந்த காசு அவ்வளவு. வாஷிங் மெஷினின் கதவுப் பூட்டு மாற்றியதற்கு எழுபத்தைந்து. பம்பைக் கழற்றித் துப்புரவாக்கியதற்கு அறுபது. மூன்றாம் தரம் வந்து பார்த்து, ஒரு பிழையும் இல்லை என்று சொன்னதற்கு ஐம்பது. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

கதவை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடுங்கள்... ஓம், அப்படித்தான். நம்முடைய வானை இழுத்துப்போகிற ரிக்கவரி வண்டி வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும் என்கிறார்கள். எஞ்சின் செத்துவிட்டது, ஹீட்டரும் அதோடு போய்விட்டது. எட்டு வீட்டில் கரோல் பாடி முடித்தோம். மிச்சம் மூன்று வீடும் இந்த வருஷம் பாட்டில்லாமல்தான் நத்தார் கொண்டாடவேண்டும். இந்தப் பஞ்சுத் தாடியை நான் கழற்றமாட்டேன், கன்னத்துக்குச் சூடாயிருக்கிறது. ஷெறோன், அந்தக் கிற்றாரைக் கீழே வை. கம்பி தானாக அதிர்கிறது.

நத்தார் தாத்தா பேய்க்கதையும் சொல்லுவாரா என்று கேட்கிறாள். சொல்லுவார். எல்லோருடைய பல்லும் அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட அது நல்லது.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு சேர்ந்து பழைய சாமான் ஏற்றி இறக்குகிற லெஸ்லியை உங்களுக்குத் தெரியும். அவனுடைய தங்கச்சி றூபினியைக் கட்டியவன்தான் பீற்றர். மன்னார்ப் பக்கத்துப் பெடியன். வாஷிங் மெஷின், பிரிட்ஜ், குக்கர், எது நின்றுபோனாலும் வந்து திருத்துவான்.

போன வருஷம். மார்கழி ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை. பின்னேரம் நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

அப்டன் பார்க்கில் கிறீன் ஸ்ட்ரீட்டின் சத்தத்தை விட்டு இரண்டு திருப்பம் உள்ளே போனால் ஒரு தெரு. ஒரு பக்கம்தான் வீடுகள். மற்றப் பக்கம் நெடுக ரயில் மதில். மதிலுக்குப் பின்னால் பள்ளத்தில் ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் மெல்ல நடுங்கும். ஒரு மனிதர் இல்லை. மழையுமில்லை, மழை விட்டதுமில்லை... அந்த மாதிரி ஒரு ஈரம். பேய் நடுச்சாமத்தில்தான் வரும் என்று சொல்கிறவர்கள் லண்டன் மார்கழியைக் காணாதவர்கள். இங்கே நாலு மணிக்கே அதற்கு எல்லா வசதியும் இருக்கிறது.

பீற்றர் வானை ஓரமாய் நிறுத்தினான். முன் டயர் இரண்டும் வழுக்கை. சனிக்கிழமை வானுக்கு வருஷச் சோதனை, எம்ஓடி. டயர் மாற்றாவிட்டால் பாஸ் இல்லை, பாஸ் இல்லாவிட்டால் வான் ஓடாது, வான் ஓடாவிட்டால் வேலை இல்லை. டயர்க்கடையில் கேட்ட விலைக்கு அந்த நூற்றெண்பத்தைந்தும் அளவாய்க் காணும். அதற்காகத்தான் வந்தான். வேறு எதற்காகவும் இல்லை.

வீடு இராஜேந்திரனுடையது. அவர் இருப்பது விம்பிள்டன் பக்கம். இந்த வீட்டை ஆறு அறையாகத் தடுத்து, எங்கள் ஆட்களுக்கே வாடகைக்கு விட்டிருந்தார். கோடை முடிய ஒவ்வொருவராகக் கழன்றுபோனார்கள். ஒரே முறைப்பாடு. குசினியில் இருக்கிற வாஷிங் மெஷின் பின்னேரத்தில் தானாக ஓடுகிறது.

தூக்கி எறியவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். எறிந்தார். எறிந்துவிட்டு, செலவு கூடாது என்று லெஸ்லியிடம் இன்னொரு பழைய மெஷின் வாங்கினார். இறக்கி வைத்தது நானும் லெஸ்லியும். நல்ல மெஷின், ஒரு கீறல் இல்லை. அதுவும் ஓடியது. அதே நேரத்துக்கு. லெஸ்லி பழுதான சாமானை விற்றுவிட்டான் என்று மனிதர் ஒற்றைக்காலில் நிற்க, லெஸ்லி தன் மச்சானை அனுப்பினான். அப்படித்தான் பீற்றர் மாட்டுப்பட்டான்.

அவன் வேலை செய்கிற விதம் தனி. போனவுடன் திருப்புளி எடுக்கமாட்டான். முதலில் பிளக். பிறகு கதவு. பிறகு தண்ணீர் வருகிற வழி, போகிற வழி. அதற்குப் பிறகு மெஷினை ஓடவிட்டு, அதன் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஓடி முடியும்வரை அசையாமல் நிற்பான். காசு கொடுத்து ஆளைக் கூப்பிட்டால் இவன் மெஷினை ஆசீர்வதிக்கிறான் என்று ஒரு அம்மா சொன்னாராம். பீற்றருக்குக் கவலையில்லை. மெஷின் பொய் சொல்லாது, வீட்டுக்காரர்தான் சொல்லுவார்கள் என்பான். பிள்ளையின் சொக்ஸ் பம்பில் கிடக்கும், எங்கள் வீட்டில் சொக்ஸே போடுவதில்லை என்பார்கள்.

மூன்று தரமும் அவன் காலையில்தான் போனான். காலையில் அந்த மெஷின் ஆட்டுக்குட்டி மாதிரி. பூட்டு மாற்றினான், பம்பில் கிடந்த கொண்டை ஊசிகளை எடுத்தான், மூன்றாம் தரம் கையை வைத்துக்கொண்டு ஒன்றரை மணித்தியாலம் நின்று, பிழையில்லை என்று பில் எழுதினான். அன்று பின்னேரமே அது ஓடியது. இராஜேந்திரன் போனில் ஒரே பிடி. திருத்தாத வேலைக்கு யார் காசு கொடுப்பார்கள்? பிளக்கில் இருந்த பியூஸையே கழற்றித் தன் பேர்ஸில் வைத்திருக்கிறாராம், மூன்று கிழமையாக. அப்படியும் ஓடுகிறதாம்.

பீற்றர் சிரித்துவிட்டான். பியூஸ் இல்லாத பிளக்கில் கரண்ட் போகாது. படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் அதில் ஒரே சட்டம். யாரோ வாசல் கதவுத் திறப்பு வைத்திருக்கிறவன் உள்ளே வந்து, தன் பியூஸைப் போட்டு, சும்மா தோய்த்துக்கொண்டு போகிறான். அவ்வளவுதான். அது ஓடுகிற நேரத்துக்கே வந்து ஆளைப் பிடித்துக் காட்டுகிறேன், அந்த இடத்திலேயே காசைத் தாருங்கள் என்றான். சரி என்று இராஜேந்திரனும் நாலரைக்கு வருவதாகச் சொன்னார். திறப்பு கேஸ் மீற்றர்ப் பெட்டிக்குள் இருந்தது.

வீட்டுக்குள் குளிர்... வெளியைவிட அதிகம். ஹீட்டிங் நிற்பாட்டி மாதக்கணக்கு. பீற்றர் குசினி லைட்டைப் போட்டான். சுவரில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு. 'மெஷின் ஞாயிறு மட்டும். ஒரு தோய்ப்பு மூன்று பவுண். மற்ற நாளில் பியூஸ் இராது.' பியூஸ் கழற்றுவது இந்த மனிதருக்குப் புதுப் பழக்கம் இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

முதலில் பிளக். சுவரிலிருந்து பிடுங்கினான். அடியில் பியூஸ் இருக்கிற சின்னத் தட்டைத் திருப்புளி நுனியால் நெம்பினான். வெறுமை. இரண்டு பித்தளைக் கவ்விகள், நடுவில் ஒன்றுமில்லை. கவ்விகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. கிட்டடியில் அதில் பியூஸ் இருந்ததாகத் தெரியவில்லை. கரண்ட் போகுமா என்று பார்க்கிற மீற்றரை வைத்துப் பார்த்தான். ஊசி அசையவில்லை. பிளக்கைச் சுவரில் கொழுவாமல் மெஷினின் தலையில் வைத்தான்.

பிறகு கதவு. திறந்தது. உள்ளே கையை விட்டு முழுவட்டமாகத் தடவினான். காய்ந்த தகரம்.

பிறகு சவர்க்காரம் போடுகிற இழுப்பறை. இழுத்தான்.

உள்ளே வெள்ளையாய்... தேங்காய்ப்பூப் போல.

தூள் இல்லை. கட்டிச் சவர்க்காரத்தை யாரோ துருவிப் போட்டிருந்தார்கள். மணத்தது. ஊரில் கிணற்றடியில் மணக்குமே, அந்த மஞ்சள் கட்டியின் மணம். ஒரு துளியை விரலில் எடுத்துப் பார்த்தான். பதமாக, ஈரமாக இருந்தது. துருவிக் கால் மணித்தியாலம் கூட ஆகியிராது.

எங்கள் ஆட்களின் வேலை இது. கையால் தோய்த்துப் பழகினவர்களுக்கு நுரை கண்டால்தான் உடுப்பு வெளுத்ததாக மனம் ஒப்பும். தூளும் போட்டு, கட்டியும் துருவிப் போடுவார்கள். நுரை கூடினால் மெஷினுக்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும், பம்ப் இழுக்காது, நடுவில் நின்றுவிடும். பீற்றர் போகிற வீடுகளில் பாதிப் பிழை இதுதான். ஆகவே அவன் பயப்படவில்லை. கோபம்தான் வந்தது. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்று நினைத்தான்.

டோர்ச்சை எடுத்துக்கொண்டு மேலே போனான். ஐந்து அறை, ஐந்தும் திறந்துகிடந்தன. வெறும் மெத்தைகள். கடைசி, பின் அறை. அதில் ஆள் உயரத்தில் பாதிக்குச் சுவர் முழுக்கக் கறுப்பாய்ப் பூஞ்சணம். யன்னல் கொளுக்கியிலிருந்து அலுமாரி வரைக்கும் நைலோன் கயிறு கட்டியிருந்தது. கயிற்றில் ஏழெட்டு உடுப்புக் கிளிப். எல்லாம் சும்மா இருக்க... ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ரயில் போகவில்லை. பீற்றர் காதைக் கொடுத்துக் கேட்டான். ரயில் போகவில்லை.

அப்போது கீழே.

டக்.

தான் மாற்றிய பூட்டின் சத்தம் ஒருவனுக்குத் தெரியாதா? கதவு பூட்டுப்பட்டது. பிறகு ஸ்ஸ்ஸ் என்று தண்ணீர்.

போனைப் பார்த்தான். நாலு இருபது.

ஓடலாம் என்று காலுக்குத் தோன்றியதாம். வாசல் படிக்கட்டுக்கு நேரே இருந்தது, பத்து எட்டு. ஆனால் இப்போது ஓடினால் நாலாம் தரமும் காசில்லை. சனிக்கிழமை வான் இல்லை. மூன்று தரம் வந்து போனவன் பேய்க்குப் பயந்து ஓடினான் என்று இராஜேந்திரன் அப்டன் பார்க் முழுக்கச் சொல்லித் திரிவார். பீற்றர் குசினிக்குள் போனான்.

மெஷின் ஓடியது. அதன் தலையில் பிளக் கிடந்தது, அவன் வைத்தபடி. மூன்று கால்களும் மேலே பார்க்க, வயிறு திறந்தபடி... உருள்கிற உருளலுக்குக் கிடுகிடு என்று நடுங்கிக்கொண்டு.

கண்ணாடிக்குப் பின்னால் நுரை ஏறியது. காய்ந்திருந்த, வெறுமையாயிருந்த உருளைக்குள் பாரம் விழுந்து எழும்பியது. பொத்... பொத்... இடையில் ஒரு பொத்தான் கண்ணாடியில் பட்டது. டிக். திரும்ப ஒரு சுற்று. டிக்.

பீற்றர் என்ன செய்தான் தெரியுமா? போய் உள்ளங்கையை அதன் தலையில் வைத்தான். வழக்கம்போல. வைத்துக்கொண்டு கேட்டான். ஒரு சட்டை. ஒரு காற்சட்டை. ஒரு சின்னத் துவாய். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைக்குத் தெரிந்தது. கையை எடுக்காமலே சொன்னான்.

"நீங்கள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. தோய்ச்சு முடியுங்கோ. நான் நிண்டு பாக்கிறன்."

கொஞ்ச நேரத்தில் வாசல் கதவு திறந்தது. இராஜேந்திரன். நல்ல கம்பளிக் கோட்டு, நெற்றியில் திருநீறு. ஆளைப் பிடித்தீரா தம்பி என்று கேட்டபடி வந்தவர் குசினி நிலையோடு நின்றுவிட்டார். முதலில் மூக்குத்தான் வேலை செய்தது. சவர்க்கார மணம். பிறகு கண். மெஷினின் தலையில் கிடந்து ஆடுகிற பிளக்கைப் பார்த்தார். நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"மெற்றில்டா," என்றார்.

உங்களில் மூன்று பேருக்கு அவரைத் தெரியும். எனக்கும் தெரியும். நம்முடைய கோயிலில் பூசை நேரம் கடைசி வாங்கிலில் இருந்துகொண்டு, முன்வாங்கில் ஆட்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய குரலில் பாடுவாரே, அந்த மெற்றில்டா அக்கா. விடியப்புறம் ஒரு ஒபிஸ் கிளீனிங், பின்னேரம் ஆறுக்கு இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வேலைச் சட்டை. இரண்டாம் ஷிப்டுக்கு முன் அதைத் தோய்த்து, அரைகுறையாய்க் காயவைத்துப் போடவேண்டும். அதனால்தான் நாலு இருபது. ஞாயிறு மட்டும்தான் என்று இராஜேந்திரன் சட்டம் போட்டபோது, குசினியில் எல்லோருக்கும் முன்னால் அவர் சொன்ன பதில் அந்த வீட்டில் இருந்தவர்கள் வாயில் இன்னும் இருக்கிறது.

"ஞாயிறு எனக்குப் பூசைக்கு. உம்மட மெஷினுக்கு இல்லை."

அன்றைக்கும் தோய்த்தார். மறுநாளும் தோய்த்தார். மூன்றாம் நாள் இராஜேந்திரன் பியூஸைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அறைக்குள் வாளி வைத்துக் கையால் தோய்த்தார். யன்னல் திறந்தால் குளிர், மூடினால் ஈரம். உடுப்புக் காயும்வரை அதற்குக் கீழேயே படுத்தார். சுவர் கறுத்தது. சளி நெஞ்சுக்கு இறங்கியது. போன வருஷம் மாசியில் ஒரு பின்னேரம் ஆம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில்தான் வந்தார். பாட்டு இல்லாத பூசை அது, ஞாபகமிருக்கிறதா... யாருக்கும் குரல் வரவில்லை.

இதையெல்லாம் இராஜேந்திரன் அந்தக் குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு துண்டு துண்டாகச் சொன்னார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. டிக்... டிக். சொல்லி முடித்ததும் கோட்டுக்குள் கையை விட்டுக் காசை எடுத்தார். எண்ணியே கொண்டு வந்திருக்கிறார். இருபதுகளும் ஒரு ஐந்துமாய் நூற்றெண்பத்தைந்து. மேசையில் வைத்தார்.

இனி இந்தக் குசினியில் மெஷினே வேண்டாம் என்றார். தண்ணீர்க் குழாயை அடைத்து, சுவரில் இருக்கிற சுவிட்சையும் பிடுங்கிவிடு. இப்பவே. முடித்துவிட்டுக் காசை எடு.

இருபது நிமிஷ வேலை. குழாய்க்கு மூடி வானில் இருந்தது. பீற்றர் பொய் சொல்லவில்லை, எங்களிடம் ஒப்புக்கொண்டான். தன் மற்றக் கை காசுப் பக்கம் போனது என்று. டயர் இரண்டும் கண்ணுக்குள் நின்றன என்று.

கை பாதியில் நின்றது.

"அவ இஞ்ச எவ்வளவு காலம் இருந்தவ அண்ணை?"

"ரெண்டு வருஷம்."

"வாடகை பாக்கி வச்சவவோ?"

இராஜேந்திரன் தலையை ஆட்டினார். "ஒரு நாள் பிந்தேல்லை. சில்லறையும் சரியாய்த்தான் தருவா."

"அப்ப, உந்த மெஷினில பிழை இல்லை எண்டு நான் மூண்டு தரம் சொன்னது சரிதானே," என்றான் பீற்றர். கையை நீட்டினான். "பியூஸைத் தாங்கோ."

அதைப் போட்டீரென்றால் ஒரு சதமும் இல்லை என்று இராஜேந்திரன் கத்தினார். காசை வாரி எடுக்கவும் பார்த்தார். பீற்றர் நீட்டிய கையை மடக்கவில்லை. என்ன நினைத்தாரோ, பேர்ஸைத் திறந்து அந்தப் பதின்மூன்று ஆம்பியர் பியூஸை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். பீற்றர் பிளக்கைத் தூக்கினான். கவ்வியில் இருந்த களிம்பைத் திருப்புளியால் சுரண்டினான். பியூஸைப் போட்டு, தட்டை அமத்தி, சுவரில் கொழுவி, சுவிட்சைப் போட்டான். மெஷின் ஒரு தும்மல் தும்மவில்லை. ஓடினபடியே ஓடியது.

"ஆஸ்பத்திரி, சுடலை எல்லாம் போய் வந்தும் அவ களவாய்த் தோய்க்க வேணுமோ? இனிக் கரண்டிலயே தோய்க்கட்டும். ஒரு தோய்ப்பு மூண்டு பவுண் எண்டு நீங்கள்தானே எழுதி ஒட்டியிருக்கிறியள். என்ர நூற்றெண்பத்தைஞ்சை அதில கழியுங்கோ. அறுபத்தொரு தோய்ப்பு. மிச்சம் ரெண்டு பவுண், அதை நான் விட்டிட்டன். இனி நீங்கள் எனக்கு ஒரு சதமும் தரவேண்டாம். அவவும் உங்களுக்குத் தரவேண்டாம்."

பில் புத்தகத்தை எடுத்து மூன்று பில்லுக்கும் குறுக்கே கோடு இழுத்தான். கிழித்து, மேசையில் இருந்த காசுக்கு மேலே வைத்தான். காசைத் தொடவில்லை.

அந்த நேரம் மெஷின் சுழன்று சுழன்று மெதுவாகி... நின்றது.

நுரை கண்ணாடியில் வழிந்தது.

டக். பூட்டு விட்டது. கதவு ஒரு விரற்கடை திறந்தது. பிறகு முழுக்கத் திறந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஆவி மட்டும்.

பிறகு தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. அடுத்தது ஒரு அடி தள்ளி. யாரோ நனைந்த உடுப்பைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கிற மாதிரி, சொட்டுச் சொட்டாய்க் குசினி வாசலை நோக்கி. வாசலில் இராஜேந்திரன் நின்றார். சொட்டு அவருடைய சப்பாத்துக்கு முன்னால் வந்து நின்றது. அந்த ஒரே இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது... சொட்... சொட்... காத்துக்கொண்டு நிற்பதுபோல.

இராஜேந்திரன் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

சொட்டுகள் படியேறிப் போயின.

வெள்ளிக்கிழமை முதலாவது தோய்ப்பு. இராஜேந்திரன் கலண்டரில் புள்ளடி போட்டு எண்ணினார். கோயிலில் அர்ச்சனை செய்வித்துப் பார்த்தார். நிற்கவில்லை. ஒன்பதாம் நாள், ஓடுகிற நேரத்தில் பிளக்கைப் பிடுங்கலாம் என்று வலக்கையால் பிடித்தாராம். கரண்ட் அடிக்கவில்லை. ஒன்றும் செய்யவில்லை. கையை எடுத்துப் பார்த்தால் விரல் நுனி ஐந்தும் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தன, பகல் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறின மாதிரி. காய்ந்தால் சரியாகும் என்று நினைத்தார். போன கிழமை அவரைக் கடையில் கண்டேன். கையுறை போட்டுக்கொண்டுதான் காசு எண்ணினார்.

பீற்றருக்கும் சும்மா போகவில்லை. சனிக்கிழமை வான் பெயிலானது. ஒன்பது கிழமை என்னோடும் லெஸ்லியோடும் கூலிக்குச் சாமான் தூக்கினான். முதுகு பிடித்துக்கொண்டபோது ஒருநாள், அந்தக் காசை எடுத்திருக்கலாமே என்று நான் கேட்டேன். பிரிட்ஜின் மற்றப் பக்கத்தைத் தூக்கு அண்ணை என்றான். அவ்வளவுதான் பதில்.

ஷெறோன் கேட்கிறாள், அந்தச் சவர்க்காரத்தைத் துருவியது யார் என்று. எனக்கு எப்படித் தெரியும்? அந்த வீட்டில் தேங்காய் துருவுகிற துருவலைகூட இருக்கவில்லை.

இந்த வருஷம் மாசி நாலாம் திகதி அறுபத்தோராவது புள்ளடி. ஐந்தாம் திகதி நாலு இருபதுக்கு இராஜேந்திரன் குசினியில் போய் நின்றார். நாலு முப்பது. நாலு ஐம்பது. ஐந்து மணி. மெஷின் அசையவில்லை. உடனே பீற்றருக்குப் போன் எடுத்தார். நிண்டிட்டுது தம்பி, நிண்டிட்டுது என்று சிறுபிள்ளை மாதிரி அழுதாராம். பியூஸ் அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் பீற்றர் சொன்னான். இருக்கிறது. இப்போது அந்த வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். நினைத்த நேரம் தோய்க்கிறார்கள். மூன்று பவுண் கேட்க அவருக்கு வாய் வரவில்லை, கடதாசியையும் காணவில்லை.

போன் வைத்துவிட்டுப் பீற்றர் படுத்துவிட்டான். அன்று முழுக்க எங்களோடு குக்கர் இறக்கின வேலைச் சட்டை, கரியும் எண்ணெயுமாக, கதிரையில் போட்டபடி கிடந்தது. காலையில் றூபினி அவனை எழுப்பினாள். கையில் அந்தச் சட்டை.

"இதை எப்ப தோய்ச்சனீங்கள்?"

சட்டை வெளுத்து, மடித்து இருந்தது. ஒரு கறை இல்லை. கிணற்றடிச் சவர்க்கார மணம். பீற்றர் எழும்பி உட்கார்ந்து அதை வாங்கினான். மேல் பொக்கற்றில் ஏதோ கனத்தது. விரலை விட்டு எடுத்தான்.

இரண்டு பவுண் நாணயக் குற்றி ஒன்று.

பொக்கற் நன்றாகக் காய்ந்திருந்தது. காசு நனைந்திருந்தது... இளஞ்சூடாக.